மனநோய் மருத்துவர் ஃபனோன்

விடுதலை இயக்கங்களின் வரலாற்றைப் பயில்வோர் ஃபிரான்ஸ் ஃபனோன் என்னும் பெயரை அறிவர். அடிமைப்பட்ட நாடுகளின் எழுச்சியை எழுதியவராகவே உலகம் அவரைப் போற்றி வருகிறது. அவர் தொழிலால் மனநோய் மருத்துவர் என்பதும், 36 ஆண்டே நிலைத்த தம் வாழ்வின் நல்ல பகுதியை நோயாளிகளிடையே கழித்தவர் என்பதும் அத்துணைப் பேசப்படுவதில்லை. முஸ்லிம் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யப் புகுந்து, முதலில் தோற்று, பின்னர் அவர்களிடமே பாடம் கற்ற அம்மருத்துவரைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றோம்.

கரீபியன் கடலிலுள்ள மார்த்தினீக் தீவு அந்நாளில் பிரான்சின் குடியேற்ற நாடு. அங்கு, ஃபோர்-த-ஃபிரான்ஸ் நகரில், 1925ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் ஃபனோன் பிறந்தார். தந்தையார் சுங்கத்துறை அலுவலர். தாயார் கடை நடத்தியவர். இரண்டாம் உலகப் போரின்போது இளைஞர் ஃபனோன் தாமே சென்று விடுதலை பிரான்சின் படையில் சேர்ந்தார், காயமுற்றார், வீரப் பதக்கமும் பெற்றார். ஆயினும் எந்நாட்டுக்காகக் குருதி சிந்தினாரோ அந்நாட்டின் படையிலேயே நிறவேற்றுமையைக் கண்டு மனம் கசந்தார். போருக்குப் பின் லியோன் நகரில் மருத்துவம் பயின்றார். நிறவேற்றுமை கறுப்பர் மனத்தில் விளைக்கும் ஊனத்தை ஆராயும் அவரது முதல் நூல் 1952இல் வெளிவந்தது. பிரான்சில் உழைத்துவந்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளர் நோய் என்று வந்து நின்றால், அவர்களைச் சோம்பேறிகள் என்றும் பொய்யர் என்றும் மருத்துவர்களே ஒதுக்கும் கொடுமையைக் கண்டித்து அதே ஆண்டில் ஒரு கட்டுரையும் எழுதினார்.

சேன்-அல்பான் மருத்துவமனையில் தோஸ்கேயெஸ் என்பாரிடம் பெற்ற பயிற்சி அவருடைய வாழ்வின் திருப்பமாயிற்று. தோஸ்கேயெஸ் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சார்ந்து, பிரான்சில் அடைக்கலம் புகுந்தவர். நோயாளியை மட்டுமன்றி மருத்துவமனையையும் திருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. கூடிப் பேசுதல், விழா எடுத்தல், கைத்தொழில், இதழ் நடத்துதல் ஆகியவற்றால் மருத்துவமனையை ஓர் ஊர்போல் ஆக்கி நோயாளியை மனிதரோடு மீண்டும் இணைப்பது அவர்தம் முறை.

இம்முறையைக் கற்றுக்கொண்டு 1953 நவம்பரில் ஃபனோன் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனைக்கு வந்தார். அங்கே ஐரோப்பியருக்குத் தனி விடுதி. முஸ்லிம்களுக்குத் தனி விடுதி. வட ஆப்பிரிக்க முஸ்லிமின் மூளையே வளர்ச்சி குன்றியது, அவன் இயல்பாகவே வன்முறையாளன் என்று கற்பித்த அல்ஜீர்ஸ் மருத்துவக் குழுவினரின் கருத்தே அந்நாளில் கோலோச்சியது. புதிய மருத்துவர் வந்த நாளிலேயே நோயாளிகளின் தளைகளைக் களைந்தெறிந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது நிற்க, உண்மையில் நடந்ததே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

ஃபனோனின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தனர். பெண்கள் விடுதியில் புதுமுறை சில திங்களிலேயே பயன் தந்தது. திரைப்படம் காட்டினர், விழாக் கொண்டாடினர், நோயாளிகளே இதழுக்கு எழுதினர். அதே முறையை முஸ்லிம் ஆண்கள் விடுதியில் கொண்டுவந்தபோது ஒன்றும் பலிக்கவில்லை. கூட்டம் கூட்டினால் மௌனம். கூடை முடையச் சொன்னால் எவரும் விரும்புவதில்லை. பலர் எழுத்தறியாதவர் ஆதலின் இதழும் அவர்களைச் சேரவில்லை. அல்ஜீர்ஸ் குழுவினரின் கூற்றை மெய்யென்று காட்டிவிடக் கூடிய நிலை அது. வேறொருவராயின் நோயாளிகள்மீது பழியைப் போட்டு அமைந்திருப்பார்.

ஃபனோன் பழியைத் தம்மீதே ஏற்றார். 1954இல் தம் உடன் பணியாற்றிய ஜாக் அஸூலேயுடன் எழுதிய கட்டுரையில் அத்தோல்வியை ஒளிக்காமல் ஆராய்ந்தார். ஐரோப்பியருக்கென வகுத்த வாழ்க்கையை முஸ்லிம் உழவர்மேல் சுமத்தியதே பிழை என்று கண்டார். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசியதும் தடையாயிற்று. அந்த எளிய மக்கள் மொழிபெயர்ப்பாளரை அதுகாறும் கண்டதெல்லாம் அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலுமே. அத்தகையவர் முன் அவர்கள் எங்ஙனம் மனம் திறப்பர்? தம் தோல்வியை அச்சில் ஏற்றிய இந்நேர்மையையே அவருடைய பணிகளுள் முதன்மையாக நாம் மதிக்கின்றோம். ஆய்வுலகில் வெற்றியை எழுதுவார் பலர். தோல்வியை எழுதுவார் அரியர்.

அதன்பின் விடுதியின் முகமே மாறியது. அந்நாட்டு வழக்கப்படி காப்பிக்கடை ஒன்று உள்ளே அமைந்தது. தொழுகைக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. ஊர் ஊராகச் சென்று கதை சொல்லும் கதைசொல்லி அழைக்கப்பட்டார். நாட்டு இசைக் குழுவினர் வந்தனர். இதழைத் திரும்பியும் பாராதவர்கள் கதைசொல்லியைச் சூழ்ந்து அமர்ந்தனர். கால்பந்துத் திடல் ஒன்றும் உருவாயிற்று. மருந்தையோ மின்னதிர்ச்சி மருத்துவத்தையோ ஃபனோன் கைவிட்டார் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை அக்காலத்து வழக்கம். அவற்றோடு நோயாளிக்குப் பழகிய உலகத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

1956இல் வெளியான மற்றோர் ஆய்வும் குறிப்பிடத் தக்கது. படங்களைக் காட்டிக் கதை சொல்லச் செய்து மனநிலையை அறியும் சோதனை ஒன்றுண்டு. அதனை அல்ஜீரிய முஸ்லிம் பெண்களிடம் செய்தபோது அவர்களால் கதை புனைய இயலவில்லை. படத்திலிருந்த வீடும் உடையும் மேலைநாட்டாருடையவை, அவர்கள் காணாதவை. ஒன்றுமே வரையப்படாத வெற்று அட்டையைக் காட்டியபோதோ கதைகள் தாமே பெருகின. குறை பெண்களின் கற்பனையில் இல்லை, படத்தில்தான் இருந்தது.

மனம் பேதலித்தவரை அந்நாட்டு மக்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதையும் அவ்வாண்டிலேயே ஆராய்ந்தார். ஜின்னின் தீண்டலால் வந்த நோய் என்று மக்கள் நம்பினர். பெரியோர் அடக்கத்தலங்களுக்கு நோயாளியை அழைத்துச் சென்றனர். அவ்வழக்கம் நமக்கும் புதிதன்று. அக்காரணத்தை ஃபனோன் ஏற்றவர் அல்லர். ஆயினும் நோயுற்றவனைக் குற்றவாளியாக்காத, குணமடைந்தவனை வடுவின்றி வரவேற்கும் பண்பு அம்மக்களிடம் இருப்பதைக் கண்டு மதித்தார்.

இதனிடையே 1954 நவம்பர் 1ஆம் நாள் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. சித்திரவதைக்கு ஆளானவரும் வந்தனர். சித்திரவதை செய்து தூக்கம் இழந்த காவலரும் வந்தனர். இருவருக்கும் அவரே மருத்துவர். மறைவில் விடுதலை வீரருக்கும் துணை நின்றார். 1956 இறுதியில் பதவி விலகல் மடலை விடுத்தார். மனிதன் தன் சூழலில் அந்நியன் ஆகாதபடி காப்பது மனநோய் மருத்துவம் என்றால், தன் நாட்டிலேயே அந்நியனாக்கப்பட்ட அரபியனுக்கு அதனால் ஆவதென்ன என்பதே அம்மடலின் சாரம். 1957 ஜனவரியில் அரசு அவரை நாடு கடத்தியது.

துனிசியா அடைக்கலம் தந்தது. அந்நாட்டுத் தலைநகரின் சார்ல்-நிக்கோல் பொது மருத்துவமனையில் ஃபனோன் பகல்நேர மனநல மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். நோயாளி காலையில் வருவார், மருத்துவம் பெறுவார், மாலையில் வீடு திரும்புவார். இரவில் மனைவி மக்களோடு இருப்பார். பூட்டிய கதவு இல்லை. பிணியுற்றவன் குடும்பத்தையும் தெருவையும் இழக்காமலே குணமடையலாம் என்னும் கருத்தை அங்கே செயலாக்கினார். 1959இல் அதன் பயனையும் எல்லையையும் எழுதினார். பிளிடாவில் விடுதிக்குள் ஊரைக் கொண்டுவந்தவர், துனிசில் நோயாளியை ஊருக்கே திருப்பி அனுப்பினார்.

1960இல் அல்ஜீரியத் தற்காலிக அரசின் தூதராகக் கானா நாட்டில் பணியாற்றினார். அவ்வாண்டு இறுதியில் இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. எஞ்சிய நாள்களில் தம் புகழ்மிக்க கடைசி நூலை எழுதி முடித்தார். அதன் ஐந்தாம் இயல் போரினால் மனம் சிதைந்த நோயாளிகளைப் பற்றியது. அரசியலுக்காக அந்நூலைப் படிப்பவர் பலர் அவ்வியலை விரைந்து கடந்துவிடுகின்றனர். அங்கேதான் மருத்துவர் ஃபனோன் இருக்கிறார்.

1961 டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் பெதஸ்டா மருத்துவமனையில், இப்ராஹீம் என்னும் மாற்றுப் பெயரோடு சேர்க்கப்பட்டிருந்த நிலையில், உயிர் நீத்தார். அல்ஜீரியா விடுதலை பெற இன்னும் ஏழு திங்கள் இருந்தன. அவர் விரும்பியவாறே உடல் துனிசுக்குக் கொண்டுவரப்பட்டு, எல்லை கடந்து, அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. பிளிடா மருத்துவமனை பின்னர் ஃபிரான்ஸ் ஃபனோனின் பெயரைப் பெற்றது.