லிசே மைட்னர்: அணுப்பிளவை விளக்கிய பெண்ணுக்கு நோபல் ஏன் கிடைக்கவில்லை?

வேலை உண்டு, சம்பளம் கிடையாது. பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், மாடிப்படி ஏறக் கூடாது. டாய்லெட் போகணும்னா தெருவில் இருக்கிற ஹோட்டலுக்குத்தான் போகணும். இப்படி ஒரு வேலை கிடைத்தால் ஒத்துக்கொள்வீர்களா?

1907-ல் பெர்லினுக்கு வந்த ஓர் இயற்பியலாளர் ஒத்துக்கொண்டார். அப்போது அவர் கையில் டாக்டர் பட்டம் இருந்தது. பெயர் லிசே மைட்னர். யுரேனியம் அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது என்று பின்னாளில் உலகுக்கு விளக்கியவர். ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசில் அவர் பெயர் இல்லை.

14 வயதோடு சரி!

1878-ல் வியன்னாவில் ஒரு வழக்கறிஞரின் மகளாகப் பிறந்தார் லிசே. கணக்கில் கெட்டி. ஆனால் அன்றைய ஆஸ்திரியாவில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளிப் படிப்பு 14 வயதோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் பள்ளி பையன்களுக்கு மட்டும்தான். அதனால் லிசே பிரெஞ்சு டீச்சர் பயிற்சிக்குப் போனார். பெண்கள் சொந்தக் காலில் நிற்க அன்று இருந்த சில வழிகளில் அது ஒன்று.

1897-ல் ஆஸ்திரியப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தன. நல்ல விஷயம்தானே? இங்கேதான் சிக்கல். பையன்கள் எட்டு வருஷம் பள்ளியில் படித்து எழுதும் அதே தேர்வைப் பெண்களும் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பள்ளியில் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். லிசே டியூஷன் வைத்து, எட்டு வருஷப் பாடத்தைச் சுமார் இரண்டு வருஷத்தில் படித்து முடித்தார். 1901-ல் தேர்வெழுதிய 14 பெண்களில் தேறியது 4 பேர். அதில் அவரும் ஒருவர். வியன்னா பல்கலைக்கழகத்தில் சேரும்போது வயது கிட்டத்தட்ட 23. 1906-ல் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

தச்சுப் பட்டறையில் ஓர் ஆய்வகம்

பெர்லினில் வேதியியலாளர் ஓட்டோ ஹானுடன் சேர்ந்து கதிரியக்க ஆய்வைத் தொடங்கினார் லிசே. அந்த வேதியியல் நிறுவனத்தில் பெண்களுக்கு இடமில்லை. ரொம்பக் கேட்ட பிறகு, கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையை மட்டும் பயன்படுத்தலாம் என்றார்கள். அதற்குத் தனி வாசல் இருந்ததுதான் காரணம். ஹான் மேலே போய் மற்ற ஆய்வகங்களைப் பார்க்கலாம், லிசே போகக் கூடாது. பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் 1908-ல் பெண்களை முறைப்படி அனுமதித்த பிறகுதான் இந்தத் தடை விலகியது, பெண்களுக்கான கழிப்பறையும் வந்தது.

1912-ல் இருவரும் புதிதாகத் திறந்த கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்துக்கு மாறினார்கள். ஹானுக்குச் சம்பளத்தோடு பதவி. லிசேவுக்கோ 'விருந்தினர்' என்ற பெயர் மட்டும். இத்தனை வருஷமும் பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்த பணத்தில்தான் அவர் பிழைப்பு ஓடியது. அதே ஆண்டு இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் அவரை உதவியாளராக நியமித்தார். மாணவர்களின் விடைத்தாள் திருத்தும் அந்த வேலைதான் அவருக்குக் கிடைத்த முதல் சம்பள வேலை. அப்போது அவர் முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

1922-ல் பேராசிரியர் தகுதிக்கான உரையை நிகழ்த்தினார். பிரபஞ்ச நிகழ்வுகளில் கதிரியக்கத்தின் பங்கு பற்றிய உரை அது. 'காஸ்மிக்' என்ற சொல்லைப் பத்திரிகையில் 'காஸ்மெட்டிக்' என்று போட்டுவிட்டார்கள். பெண் பேசினால் அழகு சாதனத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ! 1926-ல் ஜெர்மனியின் முதல் பெண் இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

பனியில் ஒரு நடை

லிசே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாடம் நடத்தும் உரிமை பறிபோனது. 1938 ஜூலையில், 59 வயதில், கையில் 10 மார்க் பணத்தோடு ரகசியமாக எல்லை தாண்டி நெதர்லாந்து போய், அங்கிருந்து ஸ்வீடன் சென்றார்.

அந்த டிசம்பரில் ஹானிடமிருந்து கடிதம் வந்தது. யுரேனியத்தின் மீது நியூட்ரானைச் செலுத்தினால் அதைவிட ரொம்ப லேசான பேரியம் கிடைக்கிறது. இது எப்படி? ஹானுக்குப் புரியவில்லை. லிசேவும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃப்ரிஷும் பனியில் நடந்தபடியே அதை யோசித்தார்கள். ஒரு மரத்தண்டில் உட்கார்ந்து, கையில் இருந்த காகிதத் துண்டுகளில் கணக்குப் போட்டார்கள். ஒரு நீர்த்துளி நீண்டு இரண்டாவது போல அணுக்கரு பிளக்கிறது, அப்போது பெரும் ஆற்றல் வெளிப்படுகிறது என்று கண்டார்கள். 1939 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அவர்களின் விளக்கம் வெளியானது. பிறகு அணுகுண்டுத் திட்டத்துக்கு அழைப்பு வந்தபோது லிசே மறுத்துவிட்டார்.

பெண் என்பதால் மட்டும்தானா?

1944-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது. இதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. நாடு கடந்து வாழ்ந்த யூதரின் பெயரைச் சேர்த்து ஜெர்மனியில் ஆய்வுக் கட்டுரை வெளியிட முடியாத நிலை. வேதியியல் குழு இயற்பியலின் பங்கைச் சரியாக எடைபோடவும் இல்லை. ஆனால் இதையும் கவனிக்கணும்: லிசே வெறும் உதவியாளர் என்ற பிம்பம் ஒட்டிக்கொள்ள ஆரம்ப காலத்தில் அவருக்குத் தரப்பட்ட 'விருந்தினர்' வாசல்களே வசதியாக இருந்தன. 40-க்கும் மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்டும் நோபல் வரவே இல்லை. 1968-ல் கேம்பிரிட்ஜில் காலமானார்.

லிசேவை யாரும் முழுசாகத் தடுக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அனுமதி தந்தார்கள், கூடவே ஓர் 'ஆனால்' வைத்தார்கள். படிக்கலாம், ஆனால் உள்ளூர் காலேஜ்தான். வேலைக்குப் போகலாம், ஆனால் நைட் ஷிஃப்ட் வேண்டாம். இந்த 'ஆனால்' நம்ம வீட்டிலும் கேட்கிற ஒன்றுதானே?

1997-ல் 109-வது தனிமத்துக்கு மைட்னீரியம் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தார்கள். பெர்லினில் இருவரும் வேலை பார்த்த கட்டடத்துக்கு 1956-ல் ஹான் பெயரை மட்டும் சூட்டியிருந்தார்கள். அதில் லிசேவின் பெயரையும் சேர்த்தது 2010-ல்தான்.