களிமண்ணில் பிக்காசோ

பிக்காசோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1937-இல் அவர் தீட்டிய 'குவர்னிக்கா' ஓவியமே. போரின் கொடுமையைக் கறுப்பிலும் சாம்பலிலும் காட்டிய அதே கைகள், பின்னாளில் ஒரு குயவர் பட்டறையில் களிமண் அளைந்தன என்பதைப் பலர் அறியார்.

1881-இல் ஸ்பெயின் நாட்டின் மலாகா நகரில் பிறந்தவர் பாப்லோ பிக்காசோ. ஓவிய ஆசிரியரான தந்தையே அவருக்கு முதல் குரு. பாரிஸுக்குச் சென்று நவீன ஓவியத்தின் போக்கையே அவர் மாற்றிய கதை உலகறிந்தது.

1946-இல் தென் பிரான்சின் வல்லோரிஸ் என்ற சிற்றூரில் மட்பாண்டக் கண்காட்சி ஒன்றைக் காணச் சென்றார். தலைமுறை தலைமுறையாகச் சமையல் பானைகள் வனைந்த ஊர் அது. உலோகப் பாத்திரங்கள் வந்த பிறகு அத்தொழில் நலிந்து கிடந்தது. (பூச்சோங்கில் எங்கள் வீட்டிலும் இப்போது எவர்சில்வர் பானையில்தான் பொங்கல் பொங்குகிறது!) அங்கே ராமியே தம்பதியரின் 'மதூரா' பட்டறையில் விளையாட்டாகச் சில சிறு உருவங்களைச் செய்துவிட்டுத் திரும்பினார். பெயரைக் கேட்டு நம் மதுரையோ என்று எண்ணிவிட வேண்டாம்.

மறு ஆண்டு வந்து பார்த்தபோது, அவ்வுருவங்கள் சூளையில் சுடப்பட்டுப் பத்திரமாக இருந்தன. பிக்காசோவுக்கு அப்போது வயது 65. உலகப் புகழ் பெற்றிருந்த அவர், அந்த வயதில் மீண்டும் மாணவரானார். 1948-இல் அவ்வூரிலேயே குடியேறினார்.

சக்கரத்தில் வனைவது அவர் வேலையன்று. ஜூல் அகார் என்ற குயவர் குடுவையை வனைந்து தருவார். ஈரம் காயுமுன் பிக்காசோ அதன் கழுத்தை வளைப்பார், இடுப்பை அழுத்துவார். குடுவை ஒரு பெண்ணாகவோ புறாவாகவோ மாறிவிடும். நீள்வட்டத் தட்டு காளைச் சண்டைக் களமாகும். அதன் விளிம்பில் பார்வையாளர் கூட்டம் அமர்ந்திருக்கும். உடைந்த பானை ஓட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. துணியில் தீட்டும் வண்ணம் தீட்டியபடியே நிற்கும். மண்ணில் பூசும் வண்ணமோ நெருப்பில் மாறிவிடும். எல்லாவற்றையும் தம் விருப்பப்படியே வளைத்துப் பழகிய அந்த மனிதர், இங்கே சூளை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

எளியோரும் வாங்கட்டும் என்று, 1947 முதல் 1971 வரை அறுநூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களைப் பல படிகளாகச் செய்து விற்க இசைந்தார். ஊர் மீண்டும் உயிர்பெற்றது. மற்ற ஓவியர்களும் அங்கே வந்தனர். மதூராவில் பணியாற்றிய ஜாக்குலின் ரோக்கையே 1961-இல் அவர் மணந்துகொண்டார். 1973-இல் காலமானார்.

அன்று சாப்பாட்டு மேசைக்கென எண்ணிச் செய்த தட்டுகள் இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. அவற்றின் அடியில் பிக்காசோவின் பெயரும் மதூராவின் பெயரும் முத்திரையாகப் பதிந்திருக்கும். குடுவை வனைந்த அகாரின் பெயரை அங்கே காண முடியாது.