நான்கு கோவேறு கழுதைகளும் ஒரு மோட்டாரும்

ரோபோ போட்டிக்கு முந்தின ராத்திரி. ரோபோவோட கை தூக்க மாட்டேங்குது, மோட்டார் கொதிக்குது. உடனே டீம்ல ஒருத்தர், இன்னும் பெரிய மோட்டார் போட்டுடலாம்னு சொல்வார். கொஞ்சம் பொறுங்க மக்களே! அதுக்கு முன்னாடி ஃபிராங்க் ஸ்ப்ரேக் கதையைக் கேளுங்க.

1857-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். கடற்படை அகாடமியில் படித்துவிட்டு, 1883-இல் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எடிசனுக்கு விளக்கு மேல கண்; இவருக்கோ மோட்டார் மேல. அடுத்த வருஷமே வெளியே வந்து சொந்தக் கம்பெனி தொடங்கிட்டார்.

1887-இல் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் ஓட்ட ஒப்பந்தம் கிடைத்தது. 12 மைல் பாதை, 40 வண்டி, வண்டிக்கு 2 மோட்டார். திருப்தியா ஓடினாத்தான் பணம். நடுவுல டைஃபாய்டு வேற அவரைப் படுக்க வச்சது. பாதையிலோ சில இடங்களில் 100 அடிக்கு 10 அடி ஏற்றம்!

ஒரு ராத்திரி சோதனை ஓட்டம். வண்டி மேட்டை ஏறிடுச்சு; ஆனா மோட்டார் வெந்துபோச்சு. சுத்தி ஒரே கூட்டம். ஸ்ப்ரேக் அசரல. சின்னக் கோளாறுதான், கருவிகள் வரணும்னு சொல்லிட்டு, விளக்கை அணைச்சு வண்டிக்குள்ளேயே படுத்துட்டார். கூட்டம் கலைஞ்ச பிறகு வந்து சேர்ந்த கருவிகள் என்ன தெரியுமா? வண்டியை இழுக்க நாலு கோவேறு கழுதைகள்!

தப்பு எங்கே? மேடு ஏற டார்க் அதிகம் வேணும். அதுக்குக் கரண்ட் அதிகம் இழுக்கும். கரண்ட் 2 மடங்கானா, சுருளில் சூடு 4 மடங்கு. ஸ்ப்ரேக் மோட்டாருக்கும் சக்கர அச்சுக்கும் நடுவில் இன்னொரு கியரைச் சேர்த்தார். வண்டி வேகம் குறைஞ்சது, மோட்டார் பிழைச்சது. 1888 பிப்ரவரி 2 அன்று டிராம் சேவை தொடங்கியது. பாஸ்டன் உட்படப் பல நகரங்கள் அவர் வழிக்கு வந்தன.

1897-இல் சிகாகோவில், பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே டிரைவர் இயக்கும் முறையையும் கொண்டுவந்தார். நாம தாம்பரம் போற மின்சார ரயிலும் அதே தத்துவம்தான். 1934-இல் மறைந்தார்.

அதனால மோட்டார் வாங்கும் முன் கணக்குப் போடுங்க: எவ்வளவு எடை, எவ்வளவு நீளக் கை, எத்தனை நொடியில் தூக்கணும்? அப்புறம் கியர் விகிதத்தைப் பாருங்க. அதுக்கும் பத்தலைன்னாதான் பெரிய மோட்டார். போட்டி நடுவுல கழுதைக்குச் சொல்லி அனுப்ப முடியாது!