கூரை மேல் தூங்கிய குழந்தைகள்

டாக்டர் ஆக வேண்டும். சீனாவுக்குக் கப்பல் ஏற வேண்டும். அங்கே வைத்தியமும் மதப் பணியும் செய்ய வேண்டும்.

இந்த எண்ணத்தோடுதான் அந்த வாலிபர் 1866-ம் ஆண்டில் லண்டனுக்கு வந்தார். கடைசி வரை அவர் சீனாவைப் பார்க்கவே இல்லை!

அவர் பெயர் தாமஸ் ஜான் பர்னார்டோ. 1845-ல் அயர்லாந்து நாட்டில், டப்ளின் நகரில் பிறந்தவர். குள்ளமான உருவம். பிடிவாதக்காரர்.

அவர் சேர்ந்த ஆஸ்பத்திரி, ஏழைகள் நெருக்கியடித்து வாழும் கிழக்கு லண்டனில் இருந்தது. அவர் வந்த வருடமே அங்கே காலரா பரவியது. 3 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். தாய்-தகப்பனை இழந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள்.

கழுதை கட்டும் கொட்டகை ஒன்றைச் சுத்தம் செய்து, அந்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பர்னார்டோ பாடம் சொல்லிக் கொடுத்தார். கந்தல் பள்ளிக்கூடம் என்று அந்த ஊரில் இதற்குப் பெயர்.

அடுப்பு அருகே ஒரு பையன்

ஒரு நாள் இரவு பாடம் முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு பையன் மட்டும் கணப்பு அடுப்பை விட்டு நகரவில்லை. அவன் பெயர் ஜிம் ஜார்விஸ். வயது பத்து இருக்கும். காலில் செருப்பு இல்லை.

அம்மா தேடுவாள், வீட்டுக்குப் போ என்றார் பர்னார்டோ.

அம்மாவும் இல்லை, வீடும் இல்லை என்றான் பையன்.

பர்னார்டோ நம்பவில்லை. அவனுக்குச் சாப்பாடு கொடுத்தார். பிறகு, நீ தூங்கும் இடத்தைக் காட்டு என்று நடுநிசியில் அவனோடு புறப்பட்டார். இருவரும் ஒரு மதில் மீது ஏறினார்கள். அங்கே தகரக் கூரை மேல் பதினொரு சிறுவர்கள் படுத்திருந்தார்கள். எலும்பைத் துளைக்கும் குளிர். போர்த்திக்கொள்ள ஒரு துணி கூட இல்லை!

இது பர்னார்டோவே பின்னாளில் சொன்ன கதை. எந்த ஆஸ்பத்திரியும் நடத்தாத பாடம் இது.

இடம் இல்லை!

1870-ல், ஸ்டெப்னி என்ற இடத்தில் சிறுவர்களுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். கடன் வாங்கக் கூடாது, கையில் உள்ள பணத்துக்கு ஏற்பத்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

ஒரு நாள் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வந்து கெஞ்சினான். செம்பட்டை முடிக்காரன். அதனால் கேரட் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டில் இடம் இல்லை. பிறகு வா என்று அனுப்பிவிட்டார்.

சில நாளில் அந்தப் பையன் பிணமாகக் கிடந்தான். பசியும் குளிரும் கொன்றுவிட்டன.

அதன் பிறகு பர்னார்டோ கணக்குப் பார்க்கவில்லை. அநாதையாக வரும் எந்தக் குழந்தைக்கும் இங்கே கதவு அடைக்கப்படாது என்று பலகை எழுதி மாட்டினார். பெண் குழந்தைகளுக்காக, லண்டனை அடுத்த பார்க்கிங்சைடு என்ற ஊரில் சிறு சிறு வீடுகளாக ஒரு கிராமமே கட்டினார். 1876-ல் அது திறக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு தாய் போல ஒரு பெண்மணி இருந்தார்.

வழக்கும் வம்பும்

படிப்பை முடிக்காமலே டாக்டர் என்று போட்டுக்கொள்கிறார் என எதிரிகள் தூற்றினார்கள். அது உண்மைதான்! 1876-ல் எடின்பரோவுக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறி வந்தார்.

நன்கொடை திரட்டுவதற்காக விற்ற புகைப்படங்களில் ஏழ்மையைக் கூட்டிக் காட்டினார் என்று, 1877-ல் விசாரித்த மத்தியஸ்தர்கள் கண்டித்தார்கள். பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குழந்தைக்கு எது நல்லது என்பது பெற்றவளைவிடத் தனக்கே தெரியும் என்று அவர் நினைத்தார். தன் மகனை வேறு இல்லத்தில் சேர்க்க விரும்பிய ஒரு தாய், பிள்ளையைக் கேட்டாள். பர்னார்டோ கொடுக்க மறுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1891-ல் தாய் பக்கம் தீர்ப்பு ஆயிற்று.

1882 முதல், கூட்டம் கூட்டமாகக் குழந்தைகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார். பண்ணைகளில் சிலருக்கு நல்வாழ்வு கிடைத்தது. சிலர் அடிமைபோல் உழைத்து, அடி வாங்கினார்கள். பிரிட்டனிலிருந்து பல அமைப்புகள் இப்படிக் குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியதற்காக, 2010-ல் பிரதமர் கார்டன் பிரவுன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பர்னார்டோ 1905 செப்டம்பர் 19-ந் தேதி காலமானார். அப்போது அவருடைய பராமரிப்பில் சுமார் 8,500 குழந்தைகள் இருந்தார்கள். பார்க்கிங்சைடில், அந்தச் சிறு வீடுகளுக்கு நடுவே அவரை அடக்கம் செய்தார்கள்.