நம் ஊர்ப் பெரியவர்கள்: பி.ஏ.சி. ராமசாமி ராஜா (1894–1962)



விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் ரயிலில் துலுக்கப்பட்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது அங்குள்ள சிமெண்ட் ஆலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்துக்கு ராமசாமி ராஜா நகர் என்று பெயர். யார் அந்த ராமசாமி ராஜா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

1894இல் ராஜபாளையத்தில் பிறந்தவர் அவர். அன்று நம் பக்கம் விவசாயம்தான் பிழைப்பு. கரிசல் காட்டில் பருத்தி நன்றாகவே விளைந்தது. ஆனால் அதை நூலாக்கும் பெரிய ஆலைகள் விக்கிரமசிங்கபுரம், தூத்துக்குடி, மதுரை என வெளியூர்களில், ஹார்வி கம்பெனியார் கையில் இருந்தன. பஞ்சு வண்டியேறிப் போனது. நம் பிள்ளைகளுக்கான வேலையும் அதோடு போனது.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மின்கம்பி மெல்ல மெல்லத் தெற்கே நீண்டது. சிறிய ஊரிலும் ஆலை வைக்கலாம் என்ற காலம் வந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டார் ராஜா. 1936இல், தம் 42ஆம் வயதில், ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். முதலுக்கு ஊர் மக்களிடமே பங்கு திரட்டினார். பங்கு என்றால் என்னவென்றே பலருக்கும் தெரியாத காலம் அது. வயலை நம்பிய கைகள் ஆலையை நம்பிப் பணம் கொடுத்தன. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ராஜபாளையம் நூற்பாலை ஊரானது இப்படித்தான்.

நாடு சுதந்திரம் பெற்று, அணைகளும் சாலைகளும் எழும்பிய நாட்களில் சிமெண்டுக்குத் தேவை பெருகியது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் இருந்தது. துலுக்கப்பட்டியில் ரயில் இருந்தது. 1957இல், 63 வயதில், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நாளொன்றுக்கு 200 டன் தயாரிக்கும் ஆலை 1962இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அவர் காலமானார். 27 வயது மகன் பி.ஆர். ராமசுப்பிரமணிய ராஜா பொறுப்பேற்றார். கரிசல் வெளியில் ஆலையைச் சுற்றி ஒரு நகர் உருவானது. அதற்கு அவர் பெயரே நிலைத்தது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? டாட்டா கட்டிய ஜாம்ஷெட்பூரில் தண்ணீரையும் சாலையையும் நெடுங்காலமாகக் கம்பெனியே கவனித்து வருகிறது. ஆலை நகரில் குழாய் உடைந்தால் சொல்ல ஓர் அலுவலகம் உண்டு. நம் நகரைக் கட்டிக்கொடுத்த முதலாளி யாரும் இல்லை. மனை வாங்கினோம், வீடு கட்டினோம், குடிவந்தோம். நகராட்சி இருக்கிறது, ஆனால் மனு எழுதவும், அதன் பின்னால் நடக்கவும் நாம்தான் வேண்டும். 1936இல் ஊர்க்காரர்கள் ஆலைக்குப் பங்கு போட்டார்கள். சங்கத்துக்கு நீங்கள் கட்டும் சந்தாவும் அப்படி ஒரு பங்குதான். பணத்தோடு நின்றுவிடாமல், அடுத்த பொதுக்குழுவுக்கு நேரில் வாருங்கள்.