மண்புழுவுக்கு பியானோ வாசித்த வீடு... டார்வினின் 40 வருஷத் தோட்டக் கதை!

டார்வின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நீளமான வெள்ளைத் தாடி. அப்புறம், குரங்கு ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா நிமிர்ந்து மனுஷனா மாறி நடந்துபோற அந்தப் படம். இத்தனைக்கும் அந்தப் படத்தை அவர் வரையவே இல்லை. அது அவர் இறந்து பல வருஷம் கழித்து வந்தது.

இன்னும் கொஞ்சம் யோசிச்சா, பீகிள் கப்பலும் உலகப் பயணமும் ஞாபகம் வரலாம். ஆனா, அந்தப் பயணம் 1836-லேயே முடிஞ்சுபோச்சு. அப்போ அவருக்கு வயசு 27. அதுக்கப்புறம் சாகிறவரைக்கும், கிட்டத்தட்ட 45 வருஷம், அவர் பிரிட்டனைத் தாண்டி எங்கேயும் போகவே இல்லை. அப்போ என்னதான் பண்ணிக்கிட்டிருந்தார்? பெரும்பாலும் வீட்டில்தான் இருந்தார். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த வீட்டைப் பத்திதான்.

1842 செப்டம்பர். லண்டனின் புகையும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளாமல், மனைவி எம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கென்ட் பகுதியில் ஒரு சின்ன கிராமத்துக்குக் குடிவந்தார் டார்வின். 'டவுன் ஹவுஸ்'னு அந்த வீட்டுக்குப் பெயர். எம்மா அப்போ நிறைமாத கர்ப்பிணி. வந்த சில நாள்களில் மேரி பிறந்தாள். ஒரு மாசம்கூட முடியலை, அந்தக் குழந்தை இறந்துபோனது. புது வீட்டின் முதல் நிகழ்வுகளே ஒரு பிறப்பும் ஓர் இறப்பும்.

அந்த டிசம்பரில் டார்வின் ஒரு வேலை செய்தார். வீட்டுக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு பகுதி முழுக்க, உடைத்த சுண்ணாம்புக் கற்களைப் பரப்பிவைத்தார். எதுக்கு? மண்புழுக்கள் கீழேயிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே தள்ளித் தள்ளி, காலப்போக்கில் கல்லையே புதைத்துவிடும்கிறது அவர் யோசனை. எவ்வளவு ஆழத்துக்குப் புதையும்னு பின்னாடி ஒருநாள் தோண்டிப் பார்க்கலாம்னு நினைத்தார். அந்த 'ஒருநாள்' எப்போ வந்ததுங்கிறதைக் கடைசியில் சொல்றேன். இப்போதைக்கு அந்தக் கற்கள் அங்கேயே கிடக்கட்டும். நாம வீட்டுக்குள்ளே போவோம்.

எம்மாவுக்கும் டார்வினுக்கும் மொத்தம் 10 குழந்தைகள். அமைதியான விஞ்ஞானி வீடுன்னு கற்பனை செஞ்சுடாதீங்க. மாடிப்படியில் மரப்பலகையைச் சாய்த்துவைத்து, குழந்தைகள் மேலேயிருந்து சறுக்கி விளையாடுவாங்க. அப்பா எழுதி முடித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைவாங்க. உலகத்தையே புரட்டிப்போட்ட அவருடைய புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியில் சில பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. அதில் சிலவற்றின் முதுகில் கலர் கலரா குழந்தைக் கிறுக்கல்கள்!

கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும் பார்னக்கிள் என்ற ஓட்டு உயிரியை 8 வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார் டார்வின். பிறந்ததிலிருந்து இதையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர், பக்கத்து வீட்டு அப்பா எங்கே உட்கார்ந்து பார்னக்கிள் பார்ப்பார்னு கேட்டதாக ஒரு கதை உண்டு. எல்லா அப்பாக்களுக்கும் இதுதான் வேலைன்னு நினைச்சிருக்கு அந்தப் பிள்ளை!

அந்த வீட்டில் ஆய்வகத்துக்கும் அடுப்படிக்கும் பெரிய தூரம் கிடையாது. குளத்தோரச் சேற்றில் மூன்று ஸ்பூன் எடுத்து, காலை டிபனுக்குப் பயன்படுத்தும் கோப்பையில் போட்டு, தன் அறையில் மூடிவைத்தார். முளைக்கிற ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். 6 மாசத்தில் 537 செடிகள்! ஒரு பறவையின் காலில் ஒட்டிய சேறு போதும், செடிகள் ஊர் விட்டு ஊர் போய்விடும்னு அவருக்குப் புரிந்தது.

தோட்டத்தில் 3 அடிக்கு 2 அடி இடத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, தானா முளைக்கும் களைகளைக் கணக்கெடுத்தார். 357 முளைத்தன. அதில் 295 செத்துப்போயின. பெரும்பாலும் நத்தை இனத்து ஜீவன்களும் பூச்சிகளும் தின்றுவிட்டன. வாழ்க்கைப் போராட்டம்னு அவர் எழுதிய பெரிய விஷயத்துக்குச் சாட்சி, ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் கிடைத்தது. 'பம்பிள்பீ' என்ற குண்டு தேனீக்கள் எந்த வழியில் பறக்கின்றன எனக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளையே ஆளுக்கு ஓர் இடத்தில் நிறுத்தினார். தேனீ வந்தால் கத்தணும். அவ்வளவுதான் டியூட்டி.

எல்லா நாளும் இப்படிச் சந்தோஷமா போச்சான்னா, இல்லை. டார்வினுக்கு வருஷக்கணக்கா வாந்தி, படபடப்பு, சோர்வு. சில நாள்களில் எழுந்திருக்கவே முடியாது. அதைவிடப் பெரிய அடி 1851-ல் விழுந்தது. செல்ல மகள் ஆனி, 10 வயசு. உடம்பு சரியில்லாமல் போக, மால்வர்ன் என்ற ஊருக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனாங்க. எம்மா மறுபடியும் நிறைமாதம். பயணம் செய்ய முடியாது. அப்பாதான் கூடவே இருந்தார். ஆனி பிழைக்கவில்லை. அடுத்த சில நாள்களில், அவள் எப்படிச் சிரிப்பாள், எப்படித் தன்னைக் கட்டிக்கொள்வாள் என்பதையெல்லாம் மறந்துவிடக் கூடாதென்று எழுதிவைத்தார் டார்வின். எம்மா, மகளின் குட்டி எழுதுபெட்டியைக் கடைசிவரை பத்திரமா வைத்திருந்தார்.

1858-ல் இன்னோர் இழப்பு. பரிணாமம் பற்றிய அவருடைய கருத்தும், வாலஸ் என்ற இன்னொரு ஆய்வாளரின் கட்டுரையும் லண்டனில் ஜூலை 1-ம் தேதி முதன்முறையாக வாசிக்கப்பட்டன. அறிவியல் வரலாற்றில் மறக்க முடியாத நாள். டார்வின் அங்கே இல்லை. மூணு நாளைக்கு முன்னாடிதான் ஒன்றரை வயசு மகன் சார்ல்ஸ், விஷக்காய்ச்சலில் இறந்திருந்தான்.

இப்போ புல்வெளிக்குத் திரும்புவோம். 1871 நவம்பர் கடைசி. சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி 29 வருஷம் ஓடிவிட்டது. பரப்பியபோது 33 வயசு. இப்போ 62. பிள்ளைகள் வளர்ந்துட்டாங்க. அந்த இடத்தில் ஒரு பள்ளம் தோண்டச் செய்தார். இரண்டு பக்கச் சுவரிலும் கோடு போட்ட மாதிரி வெள்ளைக் கற்கள். தரையிலிருந்து 7 அங்குலம் கீழே! யாரும் புதைக்கலை. மண்ணை விழுங்கி, வெளியே தள்ளி, விழுங்கி, வெளியே தள்ளி... மண்புழுக்கள் செய்த வேலை.

அதுக்கப்புறம் மண்புழு அவரை விடவே இல்லை. தொட்டிகளில் புழுக்களை வளர்த்தார். அதற்குக் காது கேட்குமான்னு பார்க்க விசில் ஊதினார்கள். மகன் பிரான்சிஸ் பஸ்ஸூன் என்ற பெரிய குழலை ஊதினார். பியானோ சத்தமா வாசித்தாங்க. புழுக்கள் அசையவே இல்லை. ஆனால், தொட்டியைத் தூக்கி பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும், பட்டென்று வளைக்குள் ஓடின. காது கிடையாது, ஆனா அதிர்வு தெரியும்!

அடுத்து, புத்தி இருக்கான்னு சோதனை. மண்புழுக்கள் ராத்திரியில் இலையை இழுத்து வளையின் வாயை அடைக்கும். டார்வின் காகிதத்தை முக்கோணமா வெட்டி, 303 துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். 62 சதவிகிதத் துண்டுகளைக் கூர்மையான முனையைப் பிடித்தே இழுத்திருந்தன. சுலபமா உள்ளே போறது அந்த முனைதானே?

இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கருக்கு வருஷத்துக்கு 10 டன்னுக்கும் மேல் மண், புழுக்களின் உடம்பு வழியா மேலே வருகிறதுன்னு கணக்குப் போட்டார். இதையெல்லாம் சேர்த்து 1881 அக்டோபரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுதான் அவருடைய கடைசிப் புத்தகம். மண்புழு புத்தகத்தை யார் வாங்குவான்னு கேட்கிறீங்களா? ஆயிரக்கணக்கில் விற்றது. ஸ்கூலில் மண்புழு உழவனின் நண்பன்னு படிச்சோமே, அதை நம்பரோட நிரூபித்துக் காட்டியவர் இவர்தான்.

ராத்திரியானால் எம்மாவோடு பேக்கேமன் என்ற பகடையாட்டம். அதுக்கும் கணக்கு உண்டு! 1876 வரைக்கும் அவர் ஜெயித்தது 2,795, எம்மா ஜெயித்தது 2,490. வருஷக்கணக்கா ஒரே ஆட்டத்தை ஒரே ஆளோடு சலிக்காமல் ஆடியிருக்கிறார் மனுஷன்.

1882 ஏப்ரல் 19-ம் தேதி, அதே வீட்டில், 73 வயசில் இறந்தார். குழந்தைகள் மேரியும் சார்ல்ஸும் புதைக்கப்பட்ட கிராமத்து சர்ச் தோட்டத்தில்தான் தன்னையும் புதைப்பார்கள் என நினைத்திருந்தார். ஆனால், நாட்டின் பெரிய மனிதர்கள் விடவில்லை. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் நடந்தது. எம்மா போகவில்லை. அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அடுத்த தடவை மழை விட்டதும், வீட்டுக்குப் பின்னாடியோ பக்கத்துப் பார்க்கிலோ தரையைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. முறுக்கு பிழிஞ்சுவிட்ட மாதிரி குட்டிக் குட்டி மண் குவியல் தெரியும். மேலே இருக்கிறதையெல்லாம் சத்தமில்லாமல் உள்ளே இழுத்து, புது மண்ணால் மூடுற வேலை அது. 29 வருஷத்தில் 7 அங்குலம். அதைக் காத்திருந்து பார்க்கிற பொறுமை ஒருத்தருக்கு இருந்தது.