ஜகார்த்தாவில் வென்ற பள்ளிக்கூட வாத்தியார்

வடசென்னையில் வியாசர்பாடி என்றால் கால்பந்து. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமும் அப்படித்தான். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், சாயங்காலம் ஆனால் பந்தும் கையுமாகக் கிளம்பி விடுவார்கள். காலில் பூட்ஸ் இருக்கும், இல்லாமலும் இருக்கும். பந்து மட்டும் உருண்டு கொண்டே இருக்கும். வியாசர்பாடிக்குக் "குட்டி பிரேசில்" என்று பட்டப் பெயரே உண்டு.

ஆனால், இந்தியா ஒரு காலத்தில் ஆசியாவிலேயே முதல் கால்பந்து அணியாக இருந்தது என்று சொன்னால் இந்தப் பிள்ளைகள் நம்புவார்களா? அந்த அணியில் தங்கராஜ், எத்திராஜ், அருமைநாயகம், பலராமன் என்று நம் ஊர்ப் பெயர்களாகவே இருந்தன என்றால் நம்புவார்களா?

உண்மைதான். அந்த அணியை உருவாக்கியவர் பெரிய பணக்காரர் அல்ல. ராஜாவும் அல்ல. ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். ரகீம் சாகிப் என்றே எல்லோரும் அவரை அழைத்தார்கள்.

கரும்பலகையும் பந்தும்

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார். படிக்கும்போதே கல்லூரி அணியில் கால்பந்து ஆடினார். படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். கச்சிகுடா, சாதர்காட் என்று ஐதராபாத்தின் பல பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார். உடற்பயிற்சிக் கல்வியும் படித்துப் பட்டயம் வாங்கினார்.

பகலில் பள்ளிக்கூடம். மாலையில் மைதானம். இதுதான் அவர் வாழ்க்கை.

1943-ம் ஆண்டு ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை. இருபது ஆண்டுகள்!

அந்தக் காலத்தில் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. பந்து காலுக்கு வந்தால், அதை யாருக்கும் கொடுக்காமல் உருட்டிக் கொண்டே போக வேண்டும். எதிரே வருகிறவன் ஒவ்வொருவனையும் ஏமாற்ற வேண்டும். கூட்டம் கை தட்ட வேண்டும். கோல் விழுந்ததா என்பது அடுத்த பேச்சு!

ரகீமுக்கு இது பிடிக்கவில்லை. ஓடுகிற மனிதனைவிட உதைத்த பந்து வேகமாகப் போகும். அப்படியானால் பந்தை ஓடவிட வேண்டியதுதானே? மனிதன் எதற்காக வீணாக மூச்சு வாங்க வேண்டும்? இதுதான் அவருடைய கணக்கு.

அதற்காக அவர் புதுமையான பந்தயங்களை நடத்தினார். ஒரு பந்தயத்தில் யாருமே பந்தை உருட்டிக் கொண்டு போகக்கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு பந்தயம் இன்னும் வேடிக்கை. வலது கால் பழக்கம் உள்ளவன் இடது காலால்தான் உதைக்க வேண்டும். பந்து எங்கெங்கோ போகும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சில மாதங்களில் அந்தப் பையனுக்கு இரண்டு காலும் ஒன்றுபோல் ஆகிவிடும். பெரியவர்களோடு மோதிச் சிறுவர்கள் ஒதுங்கிப் போகாமல் இருக்க, உயரத்தை அளந்து பார்த்துச் சேர்க்கும் பந்தயங்களும் நடத்தினார்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஒரு மைதானம், ஒரு பந்து, ஒரு வாத்தியார். அவ்வளவுதான்.

போலீசாரின் ஆட்டம்

ரகீம் பயிற்சி கொடுத்த அணி ஐதராபாத் நகர போலீஸ் அணி. கல்கத்தாக்காரர்கள்தான் கால்பந்தில் ராஜாக்கள் என்று எல்லோரும் நினைத்துக் கொண்டிருந்த காலம். 1950-ம் ஆண்டு ஐதராபாத் போலீசார் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றார்கள். அடுத்த ஆண்டும் வென்றார்கள். 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை! அதே 1950-ம் ஆண்டு டூரண்டு கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகானையும் தோற்கடித்தார்கள். தட்சிணத்தில் ஒருவர் பந்து உதைக்கக் கற்றுக் கொடுக்கிறார் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது.

இந்திய அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு ரகீமைத் தேடி வந்தது. 1951-ம் ஆண்டு டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் மோதின. மேவாலால் ஒரு கோல் போட்டார். இந்தியாவுக்குத் தங்கம்!

பத்து கோல் பாடம்

சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. 1952-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்தது. இந்தியா யூகோஸ்லாவியாவுடன் மோதியது. நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். இந்தியா போட்டது ஒரு கோல். வாங்கியது பத்து!

வெறுங்கால் ஆட்டம் நமக்குப் புதிதல்ல. 1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிலும் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். அங்கே பிரான்சை எதிர்த்து இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளையும் நம்மவர்கள் வீணாக்கினார்கள். 1–2 என்று தோற்றாலும் அன்று லண்டன் மக்கள் அவர்களைப் பாராட்டினார்கள். ஹெல்சிங்கியில் பாராட்ட எதுவும் இல்லை. குளிரிலும் ஈரத் தரையிலும் வெறுங்கால் என்ன செய்யும்?

இதற்குப் பிறகுதான் இந்தியக் கால்பந்து சம்மேளனம், எல்லோரும் பூட்ஸ் போட்டே ஆடவேண்டும் என்று கட்டாயமாக்கியது.

ரகீம் தோல்விக்குச் சமாதானம் தேடவில்லை. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டத்தை அவர் உன்னிப்பாகக் கவனித்தார். வழக்கமாக நடு முன்வரிசைக்காரர், அதாவது சென்டர் பார்வர்டு, எதிரியின் கோலுக்கு முன்னால் போய் நிற்பார். ஹங்கேரியில் அவர் பின்னால் இறங்கி வந்தார். அவரைக் காவல் காக்க வேண்டியவன் குழம்பிப் போனான். பின்னாலேயே போனால் கோலுக்கு முன் இடம் காலியாகிறது. போகாவிட்டால் அவர் சுதந்திரமாக ஆடுகிறார். இந்தத் தந்திரத்தை ரகீம் இந்திய அணிக்குக் கற்றுக் கொடுத்தார். பத்து கோல் வாங்கிக் கொண்டு திரும்பியவர், வெறுங்கையோடு திரும்பவில்லை.

சைக்கிள் வாடகை

செகந்திராபாத் அருகே அம்முகுடா என்ற சிற்றூர். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம். வறுமையான குடும்பம். அந்த வீட்டுப் பையன் துளசிதாஸ் பலராமன். அவன் பந்து ஆடுவதை ரகீம் பார்த்தார். ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெறும்படி சொன்னார். பையன் தயங்கினான். தினமும் அவ்வளவு தூரம் வந்து போகக் கையில் காசு இல்லை. ரகீம் யோசிக்கவில்லை. வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக் கொள்ளச் சொல்லி, அந்தக் காசைத் தானே கொடுத்தார்.

வாத்தியார் சம்பளத்தில் அது சின்னச் செலவு அல்ல. ஆனால் அந்தச் சைக்கிள் மெல்போர்ன் வரை போயிற்று!

1956-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக். முதல் சுற்றில் ஹங்கேரி வரவில்லை. அதனால் இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். டிசம்பர் 1-ந் தேதி அவர்கள் வாயை நெவில் டிசோசா அடைத்தார். சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை இந்தியா 4–2 என்று தோற்கடித்தது. நான்கில் மூன்று கோல் நெவில் போட்டது. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

அரை இறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. முதல் கோலை இந்தியா போட்டது! ஆனால் முடிவில் 4–1 என்று யூகோஸ்லாவியா ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்காக முதல் தடவையாக ஆடியவர், வாடகைச் சைக்கிள் பையன் பலராமன். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று இந்தியா நான்காவது இடம் பெற்றது.

1960-ல் ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2–1 என்று தோல்வி. பலராமன் ஒரு கோல் போட்டார். பிரான்சுடன் 1–1 என்று சமநிலை. பெருவிடம் 3–1 என்று தோல்வி.  அதற்குப் பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் இந்தியக் கால்பந்து அணி ஆடியதில்லை.

நோயும் ஜகார்த்தாவும்

இப்போது ரகீமின் நுரையீரலில் புற்றுநோய். அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து ஏது? இருமல் அவரை உலுக்கியது. உடம்பு இளைத்தது. வேறு யாராவது இருந்தால் படுக்கையில் விழுந்திருப்பார்கள். ரகீம் மைதானத்துக்குப் போனார். 1962-ம் ஆண்டு இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக அணியைத் தயார் செய்தார்.

அணித் தலைவர் சுனி கோஸ்வாமி. முன்வரிசையில் பி.கே.பானர்ஜி, பலராமன். பின்வரிசையில் மலைபோல் ஜர்னைல் சிங், அருண் கோஷ். கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டு அணியில் ஆடி, அதற்கு இரண்டு தடவை டூரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

முதல் ஆட்டமே தோல்வி. தென் கொரியா 2–0 என்று ஜெயித்தது. அடுத்து தாய்லாந்தை 4–1 என்று இந்தியா வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. தையல் போட்டார்கள். ஜப்பானை 2–0 என்று வென்று அரை இறுதிக்குப் போனார்கள்.

தலையில் தையலோடு இருப்பவரைப் பின்வரிசையில் நிறுத்தினால் மோதல் அதிகம். வெளியே உட்கார வைக்கவும் மனம் இல்லை. ரகீம் ஒரு காரியம் செய்தார். கோல் விழாமல் தடுக்கும் ஜர்னைலை, கோல் போடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்! துணிச்சலான சூதாட்டம்தான். அரை இறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3–2 என்று வென்றது. சுனி இரண்டு கோல். ஜர்னைல் ஒரு கோல்.

இதற்குள் ஊரே பகையாகிவிட்டது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு அனுமதிக்கவில்லை. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று சொல்ல முடியாது என்று, ஆசிய விளையாட்டு சம்மேளனத்தின் இந்திய அதிகாரி ஜி.டி.சோந்தி கருத்துச் சொன்னார். ஜகார்த்தா கொதித்தது. கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. பந்து உதைக்க வந்த பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் தெருவில் நடமாடவே பயப்பட வேண்டியதாயிற்று.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு. யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரகீம் பிள்ளைகளைக் கூட்டினார். நீண்ட பேச்சு எதுவும் பேசவில்லை. தனக்கு ஒரு பரிசு வேண்டும் என்றார். நாளை தங்கத்தை வென்று அதைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளாகக் கொடுத்துக் கொண்டே இருந்த மனிதர், அன்றுதான் கேட்டார்.

செப்டம்பர் 4

1962 செப்டம்பர் 4-ந் தேதி. செனாயன் மைதானத்தில் ஒரு லட்சம் பேர். இந்தியாவின் தேசிய கீதம் கேட்காதபடி கூச்சல். எதிரே, முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென் கொரியா. அந்த ஒரு லட்சம் பேரில் நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்!

தங்கராஜ் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். இளைய காவலர் பிரத்யுத் பர்மன் நன்றாக ஆடிக் கொண்டிருந்தார். ஆனாலும் இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜின் உயரம் வேண்டும் என்று ரகீம் நினைத்தார். தங்கராஜ் இறங்கினார்.

17-வது நிமிடம். பி.கே.பானர்ஜி கோல்! மைதானம் அமைதியானது. மூன்றே நிமிடம். தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் சிங் அடுத்த கோல்! அதற்குப் பிறகு கொரியர்கள் மோதினார்கள், மோதினார்கள். 85-வது நிமிடத்தில் ஒரு கோல் திருப்பினார்கள். மிச்சம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் நம்மவர்கள் கோட்டைபோல் நின்றார்கள். இந்தியா 2, கொரியா 1.

வாத்தியார் கேட்ட பரிசைப் பிள்ளைகள் கொடுத்து விட்டார்கள்.

ரகீம் ஐதராபாத் திரும்பினார். நோய் அவரை விடவில்லை. ஒன்பது மாதம் கழித்து, 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அதே ஆண்டில் பலராமனும் உடல்நலம் கெட்டு, ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார்.

அதன்பின் ரகீமின் பெயர் மெல்ல மெல்ல மறந்து போயிற்று. அவருடைய மகன் சையத் ஷாகித் ஹக்கீமும் கால்பந்து வீரர். தந்தையின் அணியில் ரோம் ஒலிம்பிக்குக்குப் போனவர். 2021-ல் அவர் மறைந்தார். மூன்று ஆண்டு கழித்து, 2024-ல் ரகீமின் கதை "மைதான்" என்ற இந்திப் படமாக வந்தது. இப்படி ஒருவர் இருந்தாரா என்று பலர் அப்போதுதான் கேட்டார்கள்.

ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு வரவில்லை. ஒரே ஒரு தடவை பதக்க மேடை ஏறினோம். அது 1970-ல், பாங்காக்கில், வெண்கலம். அந்த அணியின் தலைவர் சையத் நயீமுதீன். ஐதராபாத் பையன். நகர போலீஸ் அணியில் ஆடி வளர்ந்தவர்.